தாள் ஊறும் நேரம்

சுவரில் அப்பியிருந்த காக்கித் தாள் தண்ணீரைக் குடித்துக் கறுக்கக் கறுக்க, அடியில் போட்டிருந்த பென்சில் கோடு மேலே எழும்பி வந்தது. அப்போதுதான் கொர்னேலி அதைப் பார்த்தாள். சங்கு. இடுப்புயரச் சங்கு. வால் மேலே, கொண்டை கீழே, வயிறு புடைத்து நிற்கிறது, எல்லாம் சரி, ஆனால் வாய் இடப்பக்கம் திறந்திருக்கிறது. கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடித் திறந்தாள். இடப்பக்கம்தான். முந்தானைக்குள் சோறு தின்கிற கையை மெல்ல மடக்கிப் பார்த்துக்கொண்டாள், இது வலம், அப்படியானால் அது இடம், சந்தேகமே இல்லை. சிவனணைஞ்ச பெருமாள் அண்ணாச்சி இந்தக் கல்யாண மண்டபத்துச் சுவரை அவளிடம் ஒப்படைத்த அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மீன் போடு, நண்டு போடு, பாசி போடு, உன் இஷ்டம், ஆனா நடுவுல எனக்கு வலம்புரி நிக்கணும், எங்க அப்பா ஆயுசு பூரா சங்கு யாவாரம் பாத்தாரு, ஒரு வலம்புரி கைக்கு வரல, எம் பேத்தி கல்யாணம் அதுக்கு முன்னாலதான் நடக்கணும் என்றார். வாலை மேலே பிடித்தால் வாய் வலப்பக்கம் திறக்க வேண்டும், அதுதான் வலம்புரி. இடப்பக்கம் திறந்தால் அது கூடை கூடையாக வள்ளத்தில் வந்து இறங்குகிற வெறும் சங்கு. பதினோரு மணிக்கு அண்ணாச்சி வருகிறார், தாளை உரிக்கும்போது தானும் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மணி பத்தரை தாண்டிவிட்டது. தொம்மை இதைக் கவனிக்கவில்லை. அவன் ஸ்பாஞ்சை வாளியில் முக்கி, பிழிந்து, ஒற்றி, மறுபடி முக்கி, ஒரு காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவது மாதிரி ஒற்றிக்கொண்டிருந்தான். "இன்னும் இருவது நிமிஷம் ஊறட்டும். அவசரப்பட்டு இழுத்தா சில்லும் சேந்து வந்துரும்" என்றான் யாரிடமோ. யாரிடமோ என்ன யாரிடமோ, பெனிட்டாவிடம். கட்டின புருஷன் ஆறு மாதமாக வேலையைப் பற்றி வாய் திறந்தால் அது பெனிட்டாவிடம்தான். மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு மிச்ச டைல் சில்லுகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்த பெனிட்டா தலையை நிமிர்த்தாமல் "சரிண்ணே" என்றாள். அந்தச் 'சரிண்ணே' கொர்னேலியின் காதில் விழுந்த அதே நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குடுகுடுவென்று ஓடியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. சந்தோஷம்.

பெனிட்டா மாட்டிக்கொண்டாள். உதடு தானாக இழுபடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கொர்னேலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பேப்பர் வேலையைக் கொண்டுவந்ததே அவள்தானே, அவளே அதில் குப்புற விழுந்து கிடக்கிறாள். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் கொர்னேலி சுவரோடு நேராகத்தான் மல்லுக்கட்டினாள். பசையைப் பூசு, சில்லை எடு, கையால் அழுத்து, வெயிலானாலும் சாரத்தில் நின்று அழுத்து. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, டைல் கடையில் பெருக்கித் துடைத்து, அங்கே உடைந்து கழித்ததை எல்லாம் சாக்கில் அள்ளி வந்து, ஒரு ரொட்டிக் கடை வாசலில் பூவும் கொடியுமாகப் பதித்துக் காட்டி, இது என்ன குப்பை என்று சொன்னவர்களிடமே பேரம் பேசி, கத்தி, சண்டை போட்டு, சுத்தியலைத் தூக்கி எறிந்து, அப்படி வந்தவள் அவள். கொர்னேலி பட்டறை என்றால் தூத்துக்குடியில் தெரியாதவர் இல்லை. நாகர்கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து, பள்ளிக்கூடத்தை மூடியதும் இங்கே வேலை கேட்டு வந்த பெனிட்டா, வந்த மூன்றாம் நாளே, "எதுக்குக்கா வெயில்ல கெடந்து சாவுதிய, உக்காந்தே முடிச்சிரலாமே" என்றாள். தாளில் படம் வரைய வேண்டியது, மைதாப் பசை தடவ வேண்டியது, சில்லுகளைப் பளபளப்பு முகம் தாளைப் பார்க்கக் கவிழ்த்து ஒட்ட வேண்டியது, காய்ந்ததும் பலகையில் வைத்துத் தூக்கிப் போய்ப் பசை பூசிய சுவரில் முழுசாக அப்ப வேண்டியது, தாளை நனைத்து உரித்தால் படம் சுவரில் நிற்கும். தொம்மை அன்றைக்கு வாயைப் பிளந்தான். "மூளைன்னா இதுல்லா மூளை!" பதினாறு வருஷம் வெயிலில் கறுத்த கழுத்து யாருடையது, அது மூளை இல்லை, அது வெறும் கழுத்து. இருக்கட்டும். கவிழ்த்து ஒட்டினால் படம் திரும்பிவிடும், இந்தப் பக்கம் பார்க்கிறது அந்தப் பக்கம் பார்க்கும். அதனால் முதலிலேயே திருப்பி வரைய வேண்டும். மீனுக்கு அது பரவாயில்லை, கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் மீன் மீன்தான். கொக்கு, நண்டு, தாழம்பூ எதற்கும் பரவாயில்லை. ஆறு மாதத்தில் ஒன்றைக்கூடத் திருப்பி வரைந்ததில்லை, ஒருத்தரும் கேட்டதில்லை. சங்குக்கு மட்டும்தான் பக்கம் முக்கியம். படித்தவள், படம் சொல்லிக்கொடுத்தவள், சங்கில் போய் விழுந்தாள் பார். இருபது நிமிஷம். இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சுவரின் இரண்டு பக்கமும் நேற்று உரித்த பாகங்கள் பளபளவென்று நிற்கின்றன, கண்ணை எங்கே திருப்பினாலும் பெனிட்டாவின் கைதான். இடப்பக்கம் பாசி. பச்சையில் இத்தனை பச்சை உண்டென்று கொர்னேலிக்கே தெரியாது, அத்தனையும் கொர்னேலி வாங்கிப் போட்ட சில்லு, கொர்னேலியின் சாக்கு. வெளுத்த பச்சை, குளியலறைப் பச்சை, பழைய ஆஸ்பத்திரித் தரைப் பச்சை, எல்லாவற்றையும் அவள் நகக்கண் அளவுக்கு நொறுக்கி, நீளவாக்கில் சாய்த்து, ஒன்றன் தோளில் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்திருக்கிறாள். அதற்காகக் காலையில் கடற்கரைக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டிலில் பாசியைப் போட்டு எடுத்து வந்தாள் முதல் நாள். மேசையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா பார்த்தாள். "என்ன, சாம்பாருக்கா?" என்று கொர்னேலி கேட்டதற்குப் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள், தொம்மை மட்டும் சிரிக்கவில்லை. அவன் பாட்டில் பக்கத்தில் குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அவளோடு சேர்ந்து பார்த்தான். இரண்டு தலையும் ஒரு பாட்டிலுக்கு முன்னால். அதில் ஒன்றுமில்லை. கொர்னேலிக்குத் தெரியும் அதில் ஒன்றுமில்லை என்று, தொம்மை அப்படிப்பட்ட ஆளில்லை, பெனிட்டாவும் அப்படிப்பட்டவள் இல்லை, ஜெபமாலையும் கையுமாகத் திரிகிறவள். ஒன்றிருந்தால்கூடப் பரவாயில்லையே, முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டுவிடலாமே, அதற்கு வழி இருக்கிறதே. இது அது இல்லை. நேற்று அந்தப் பாகத்தை உரித்தபோது தொம்மை கையில் தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான், தாளிலிருந்து தண்ணீர் அவன் முழங்கையில் ஒழுகுகிறது, அதுகூடத் தெரியவில்லை, "தண்ணிக்குள்ள இழுபடுத மாதிரில்லா இருக்கு" என்றான். பதினாறு வருஷத்தில் கொர்னேலி போட்டது எத்தனை சுவர். பூநாரைக் கூட்டம் போட்டாள், உப்பளத்துக்கு நடுவில் நூற்றுச் சொச்சம் பூநாரை, அதற்கு அவன் சொன்னது "நல்லா இருக்கு, பசை நல்லா புடிச்சிருக்கு." பசை. அவன் சுவர்க்காரன், பசை பிடித்ததைத்தான் சொல்வான் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தெரிந்திருக்கிறது. அவளிடம் சொல்லத்தான் ஒன்றும் இருந்திருக்கவில்லை.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்கு? ஃபேனுக்குக் கீழ வந்து உக்காரு" என்றான் தொம்மை. "எனக்கு ஒண்ணும் வேர்க்கல." "காலையில தின்னியா இல்லையா?" "தின்னேன் தின்னேன், நீங்க உங்க சோலியப் பாருங்க." பெனிட்டா எழுந்து வந்து தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பார்க்கப்போகிறாள். இவ்வளவு பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கோடு தெரியாமலா போகும். பெனிட்டாவின் கண் தாளின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனது, சங்கின் வயிற்றுக்குப் போனது, வாய்க்குப் போனது, அங்கே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? கண் சிமிட்டுகிற நேரம், இல்லை, அதைவிடக் கூட. பிறகு திரும்பி கொர்னேலியைப் பார்த்தாள். போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மறுபடி பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் சேர்க்க ஆரம்பித்தாள். எதற்கு என்னைப் பார்த்தாள். தப்பு செய்தவள் சுவரைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்க வேண்டும், என்னை ஏன் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, என்று ஏதோ ஒன்று கொர்னேலியின் தலைக்குள் தொடங்கியது, அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை டைல் கடைக்காரன் வந்திருந்தான், வெள்ளை வெள்ளையாக நாலு மாதிரி கொண்டுவந்து காட்டினான், இதெல்லாம் வெள்ளையா, சுண்ணாம்பு என்று அவள் விரட்டினாள், அவன் சிரித்தான், அவ்வளவுதான் செவ்வாய்க்கிழமை. அதற்குள் வேறொன்றும் இல்லை. சங்கின் வாய்க்குள்ளே வைக்கிற ரோஸ் நிறத்துக்குக் கடையில் எதுவும் அகப்படவில்லை என்று கொர்னேலியே மண் பிசைந்து, தட்டி, மெருகு பூசி, பட்டறைச் சின்னச் சூளையில் மூன்று தடவை சுட்டு எடுத்தாள், முதல் தடவை செங்கல் நிறம், இரண்டாம் தடவை காயம் பட்ட தோல் மாதிரி, மூன்றாம் தடவைதான் சங்கின் உள்வாய் வந்தது, ஈரமாக, கதகதப்பாக, தொட்டால் மூச்சு விடும் போல. அந்த ரோஸ் சில்லுகள்தான் இப்போது அந்தத் தாளுக்கு அடியில் தப்பான பக்கத்தில் இருக்கின்றன. அவளுடையது. சுவர் முழுக்கப் பெனிட்டாவின் கை இருக்கும்போது, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தன் கை இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள், அந்த ஒரு சாண்.

இப்போது சொன்னால் நேரம் இருக்கிறது. பசை பூசி முக்கால் மணி நேரம்தான் ஆகிறது, உச்சிவெயில் வரை பச்சையாகத்தான் இருக்கும், அதற்குள் நோண்டி எடுத்துவிடலாம், அதற்கு மேல் போனால் கல், உளி வைத்தால் பக்கத்திலிருக்கிற மீனும் சேர்ந்து பேர்ந்து வரும். சொல். இங்கேருங்க, வாய் தப்பா இருக்கு பாருங்க, என்று ஐந்து வார்த்தை. சொன்னால் தொம்மை என்ன கேட்பான்? எப்படி ஆச்சு என்று கேட்பான். யாரிடம் கேட்பான்? பெனிட்டாவிடம் கேட்பான். பெனிட்டா என்ன சொல்வாள். கொர்னேலி பேரம் பேசிப் பழகியவள், எதிராளி எங்கே வந்து நிற்பான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் முதல் விலை கேட்பாள், ஆனால் இங்கே எதிராளி என்ன சொல்வாள் என்று நினைக்கப் போகும்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. சரி வா. வந்து தொலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டைல் கடைக்காரன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், தொம்மை குறட்டால் சில்லு நறுக்குகிறான், பெனிட்டா படத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வருகிறாள். "அக்கா, மத்ததுக்கு எல்லாம் பரவால்ல. சங்குக்கு மட்டும் திருப்பி வரையணும்லா? இல்லன்னா வாய் மாறிரும்லா?" மெதுவாகத்தான் கேட்டாள். மெதுவாகக் கேட்டதுதான் கொர்னேலிக்கு ஆகவில்லை. கடைக்காரன் டீ டம்ளரை இறக்கிவிட்டுப் பார்க்கிறான், தொம்மை நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான், பட்டறையே காத்திருக்கிறது கொர்னேலிக்கு என்ன தெரியும் என்று. படத்தைப் பார்த்தாள். படத்தில் வாய் வலப்பக்கம்தான் இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது, இதில் எதைத் திருப்புவது, என்னத்தைக் கேட்கிறாள் இவள், என்று ஒரு நிமிஷம் உண்மையிலேயே புரியவில்லை. புரியவில்லை என்பது தெரியக் கூடாது என்று கோபம் வந்தது. "பதினாலு வயசுல சங்கு கிட்டங்கியில பொறுக்குனவ நானு. கண்ணக் கட்டிவிட்டாலும் வாயத் தொட்டுச் சொல்லுவேன். எனக்குச் சங்கு சொல்லித்தர நாகர்கோயில்லருந்து ஆளு வரணுமோ? வரைஞ்சது வரைஞ்சபடி ஒட்டு!" கடைக்காரன் சிரித்தான். பெனிட்டா தொம்மையைப் பார்த்தாள். தொம்மை குனிந்து சில்லு நறுக்கினான். அவனும் வாய் திறக்கவில்லை, வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்க அவனுக்கென்ன பைத்தியமா. ஆக அவனுக்கும் தெரியும். இல்லை, அவன் மறந்திருப்பான், அவன் எதைத்தான் நினைவில் வைத்திருக்கிறான். ஆனால் பெனிட்டாவுக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். சொல்லத்தான் செய்வாள், அது பொய்யில்லை. கிட்டங்கியில், அந்தச் சரக்குக் கிடங்கில், நாளுக்கு ஆயிரம் சங்கு கைமாறும், பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம், பெருவிரல் வாய்க்குள் போய் வெளியே வரும்போதே கணக்கு முடிந்துவிடும். கையால் தெரிந்தது தாளில் தெரியவில்லை. சுவரில் நேராக வைத்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்குமா, செத்தாலும் வந்திருக்காது. அந்தத் தாள்தான் தப்பு. தாளைக் கொண்டுவந்தவள்தான் தப்பு. திருப்பணும் என்று தெரிந்தவள் திருப்பியிருக்க வேண்டியதுதானே, நான் கத்தினால் என்ன, நான் யாரைக் கத்தாமல் விட்டேன், சொல்லாமல் கொள்ளாமல் திருப்பி ஒட்டிவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரியும். வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். வரட்டும் என்று விட்டிருக்கிறாள். அப்படியானால் அவளும் சும்மா இல்லை, அவளுக்கும் என் மேல் ஏதோ இருக்கிறது. இந்த நினைப்பு வந்ததும் கொர்னேலிக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் அதுவும் நிற்கவில்லை. முதலாளி வரைஞ்சபடி ஒட்டு என்றால் வேலைக்கு வந்தவள் ஒட்டத்தான் செய்வாள், கொர்னேலி டைல் கடையில் வேலை பார்த்தபோது மேனேஜர் சொன்னதைத் தப்பென்று தெரிந்தே எத்தனை தடவை செய்தாள். இப்போது சொல்லிவிட்டால் என்ன. தொம்மை பெனிட்டாவைப் பார்த்துத் தலையாட்டுவானே, நீ அன்னைக்கே சொன்னியேம்மா என்பானே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. பசை காயட்டும். சுவர் நாசமாய்ப் போகட்டும். தப்பு நடந்தது, வரைந்தது யார், ஒட்டியது யார், அவள்தானே, ஊருக்கு அது போதும். தொம்மை தாளின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தான். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. "ஊறிட்டு" என்றான். வாசலில் கார்க் கதவு அடைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன கொர்னேலி, எஞ்சங்கு ரெடியா?" அண்ணாச்சி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார், சொந்த மண்டபத்துக்குள் கோயிலுக்குள் வருகிற மாதிரி. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தாம்பூலப் பை வேறு. "நல்ல நேரம் போறதுக்குள்ள தெறந்துருவோம்" என்றார். தொம்மை மேல் இரண்டு மூலையையும் பிடித்துக் கீழே பார்க்க மெதுவாக உரித்தான். சங்கின் வால் வெளியே வந்தது, பால் வெள்ளை. அண்ணாச்சி "ஆகா" என்றார். வயிறு வந்தது, பெனிட்டா மேகம் மாதிரி வெள்ளைக்குள் வெள்ளை கலந்திருந்தாள். பிறகு வாய் வந்தது. கொர்னேலியின் ரோஸ். அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது, அந்த அழகு இடப்பக்கம் இருந்தது. அண்ணாச்சி தன் கையை ஆகாயத்தில் வளைத்து, மடக்கி, ஒரு சங்கைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, இது எங்க அப்பா சாக்குல கெட்டி கெட்டி கப்பலேத்துன சங்கால்லா இருக்கு" என்றார் மெதுவாக. தொம்மையின் கையில் தாள் தொங்கியது. கொர்னேலி தரையைப் பார்த்தாள். இப்போது கேட்பார்கள், இப்போது அவள் பெயர் வரும், வரட்டும். யாரும் கேட்பதற்கு முன்னால் பெனிட்டா எழுந்து முன்னே வந்தாள். "என் தப்புதான் அண்ணாச்சி" என்றாள். "திருப்பி வரைஞ்சிருக்கணும். நான் கவனிக்காம விட்டுட்டேன். அக்கா மேல ஒண்ணும் இல்ல." கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அண்ணாச்சி உடனே உருகிவிட்டார். "ஐயய்யோ, அழாதம்மா. மனுஷன்னா தப்பு வரத்தான செய்யும். பச்சப்புள்ள மாதிரி நிக்கியே." தொம்மை அவளைப் பார்த்தான். கொர்னேலி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு நினைவிருக்கிறது, செவ்வாய்க்கிழமை முழுசாக நினைவிருக்கிறது, தெரிந்தும் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே என்று அவன் கண் ஈரமாகிறது, பாசியைப் பார்த்து நின்றானே, அதைவிடப் பெரிதாக இப்போது இவளைப் பார்த்து நிற்கிறான். பாசியும் அவளுடையது, மீனும் அவளுடையது, தாளும் அவளுடையது, இப்போது தப்பையும் எடுத்துக்கொண்டாள். சுவரில் கொர்னேலியுடையதென்று மிச்சமிருந்த ஒரே ஒன்றையும்.

"நிப்பாட்டு!" அவள் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி ஓர் அடி பின்னால் போனார். "எவ தப்பு? உன் தப்பா? நீ யாருட்டி எம் பட்டறையில தப்பு செய்ய? திருப்பணும்னு நீ கேட்டியா இல்லையா? கேட்ட. வேண்டாம்னு சொன்னது யாரு? நானு. கடைக்காரன் முன்னால, இந்தா நிக்காரே இந்த மனுஷன் முன்னால, காட்டுக் கத்தாக் கத்திச் சொன்னேன். இப்பம் இவ வந்து கண்ணக் கசக்கித் தலையில ஏத்திக்கிட்டா நான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமோ?" "அக்கா, நான்..." "பேசாத." அண்ணாச்சி இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பு உன்னுதுன்னு சொல்லதுக்கா இம்புட்டுச் சத்தம்? உம்மேல தப்பில்லன்னு சொல்லுதியோன்னுல்லா நெனச்சேன்." "எனக்கு மெதுவாப் பேச வராது அண்ணாச்சி. பசை இன்னும் பச்சைதான். ரெண்டு மணிக்குள்ள வாய் இந்தப் பக்கம் இருக்கும்." "ஒண்ணரைக்குப் பெயிண்டரு வாராம்மா." "நாளைக்கு வரச் சொல்லுங்க." "எம் மண்டபத்துல நீ சட்டம் பேசுதியே." "உங்க சங்குக்குத்தான் பேசுதேன். ரெண்டு மணிக்கு வந்து பாருங்க. புடிக்கலன்னா சுவர இடிச்சுக்கிடுங்க, எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்." அண்ணாச்சி தாம்பூலப் பையை மேடையில் வைத்துவிட்டு, சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு மணி" என்று விரலைக் காட்டிப் போனார்.

கொர்னேலி கரணையின் நுனியை ரோஸ் வாய்க்கு அடியில் கொடுத்து நெம்பினாள். முதல் சில்லு சளக்கென்று பசையோடு உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. வளைவெல்லாம் மறுபக்கத்துக்கு வெட்டியது, அப்படியே தூக்கி இந்தப் பக்கம் வைக்க முடியாது, கவிழ்த்து வைத்தால் மெருகில்லாத மண்தான் தெரியும், ஒவ்வொன்றாகக் கழுவி, உடைத்து, புது வளைவு பார்க்க வேண்டும். "கோடு போட்டுத் தரட்டாக்கா? சுவர்லயே போட்டிரலாம்" என்று பெனிட்டா பென்சிலோடு பக்கத்தில் வந்தாள். "கோடு வேண்டாம்." வயிற்றுச் சில்லுகளை இரண்டு கையாலும் வாரி வாளியில் போட்டாள், விரல் கிழிந்தது, பார்க்கவில்லை. பழைய பசையை வழித்தாள். பின்னால் தொம்மை புதுப் பசை குழைக்கிற சத்தம் கேட்டது, அவள் சொல்லவில்லை, அவனாகவே குழைத்துத் தட்டை அவள் இடுப்பு மட்டத்துக்கு ஏந்திக்கொண்டு வந்து நின்றான். அவள் திரும்பவில்லை. பெருவிரலைச் சுவரில் வைத்தாள், கிட்டங்கியில் வாய்க்குள் போன விரல், அது எங்கே வளையுமோ அங்கே வளையட்டும் என்று விட்டுவிட்டு, அதன் தடத்தில் பசையை இழுத்தாள். சில்லை எடுத்தாள், குறட்டால் ஒரு கடி, வைத்தாள். இன்னொன்று, பாதிக் கடி, வைத்தாள். படம் இல்லை, தாள் இல்லை, வாய் வலப்பக்கமாக உதட்டைப் பிரித்துக்கொண்டு வந்தது. அடுத்ததற்குக் கை நீட்டும்போது கடைக்கண்ணில் பெனிட்டா தெரிந்தாள். பென்சிலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, கொர்னேலியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கீழுதட்டை உள்ளுக்குள் கடித்து, மூச்சைப் பிடித்து, கண்ணீரெல்லாம் எங்கோ வற்றிப்போய். அந்த முகத்தை யாரும் கொர்னேலிக்கு விளக்க வேண்டியதில்லை, ஆறு மாதமாக அவளே சுமந்த முகம். அடுத்த சில்லை அவள் அவசரப்படாமல் எடுத்தாள், வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிக் காட்டினாள், பிறகு வேண்டுமென்றே மெதுவாக, பெனிட்டா நன்றாகப் பார்க்கும்படி, வைத்தாள்.